பூ வாங்கிக்கொண்ட பீரங்கி

வணக்கம் நேயர்களே. போன பள்ளி விடுமுறையில் ஒரு நாள், மாமியார், மனைவி, பிள்ளைகள் இருவரோடு பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவில் இருக்கும் கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போனேன். காரை இக்கரையிலேயே விட்டுவிட்டோம். கடல் வழியாகப் போனால்தான் அந்த முனையில் கோட்டை ஏன் நிற்கிறது என்பது புரியும்.

1786-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் இறங்கியபோது அங்கே வெறும் காடு. பீரங்கியில் வெள்ளிக் காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டாராம். காசுக்காக ஆட்கள் காட்டை வெட்டினார்களாம். கதைதான். ஆனால் என் மகன் அரை மணி நேரம் தரையைப் பார்த்தபடியே நடந்தான்! கோட்டை என்று முதலில் இருந்தது நிபோங் என்ற பனை வகையால் கட்டிய மரவேலி. செங்கல் மதில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளும் அதில் உழைத்தார்கள். மதிலைத் தொட்டபோது எனக்கு லைட்டின் நினைவு வரவில்லை, அவர்கள் நினைவுதான் வந்தது.

"இங்கே என்ன சண்டை நடந்தது?" என்றாள் மகள். ஒன்றும் நடக்கவில்லை. சுற்றியிருந்த அகழியைக்கூட 1920-களில் மலேரியாவுக்குப் பயந்து மூடினார்கள். இந்தக் கோட்டைமேல் படையெடுத்தது கொசு மட்டும்தான்.

ஆனால் இந்தக் கோட்டையில் இருக்கும் ஸ்ரீ ரம்பாய் என்ற பீரங்கி நிறையப் பார்த்திருக்கிறது. 1603-இல் டச்சுக்காரர்கள் வார்த்தது. ஜொகூர் சுல்தானுக்குப் பரிசாகப் போனது, சுமத்ராவின் ஆச்சேகாரர்கள் பறித்தார்கள், பிறகு சிலாங்கூருக்குப் போனது, 1871-இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கடலில் போட்டுவிட, பல ஆண்டுகள் கழித்து, கூப்பிட்டதும் தானே மிதந்து வந்தது என்பார்கள். வெண்கலம் மிதக்குமா என்று கேட்காதீர்கள், பினாங்கில் அப்படிக் கேட்கும் பழக்கம் இல்லை. பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் அதன் வாயில் பூ வைப்பது பழைய வழக்கம்.

இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மாமியார் என் மனைவியின் கொண்டையிலிருந்து ஒரு சாண் மல்லிகையைக் கிள்ளி, பீரங்கியின் வாயில் வைத்தார். கோயிலில் கூட அர்ச்சகரிடம் கணக்குக் கேட்பவர் அவர்!

வெயில் தாங்கவில்லை. கோட்டைக்குப் பக்கத்துப் பாடாங் கோத்தா திடலில் பசெம்போர் என்ற காய்க் கலவை சாப்பிட்டோம், பிள்ளைகள் ஐஸ் கச்சாங். அப்புறம் ஃபெரி.

திரும்பும் வழியில் மெதுவாகக் கேட்டேன், "அத்தை, அந்தப் பூ யாருக்கு?"

"சின்னவளுக்குத்தான் மாப்பிள்ளை. ஏழு வருஷம் ஆச்சு. அவளிடம் சொல்லிவிடாதீர்கள், கோபிப்பாள்."

என் மைத்துனி இந்த வானொலி கேட்பதில்லை என்ற தைரியத்தில்தான் சொல்கிறேன்.