நான்கில் ஒன்று மிஞ்சினால் போதும்

அவையோருக்கு வணக்கம்.

போயிங் 747 பயணிகள் விமானத்தை வடிவமைத்த குழுவின் தலைவர் ஜோ சட்டர். ஜோ சட்டர் என்றதும் 747, 747 என்றதும் அதன் பிரம்மாண்டம். பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. அந்த விமானத்துக்குள் அழுத்தத் திரவத்தைக் கொண்டு ஓடும் ஹைட்ராலிக் குழாய்களைப் பார்த்தால்தான் அந்த மனிதர் யாரென்று தெரியும்.

1921-இல் சியாட்டிலில் பிறந்தவர். அப்பா ஸ்லோவேனியாவிலிருந்து குடியேறியவர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படித்தார், போர்க்காலத்தில் கடற்படையில் இருந்தார், 1946-இல் போயிங்கில் சேர்ந்தார். போட்டி விமான நிறுவனமான டக்ளஸ் சற்றுக் கூடுதல் சம்பளம் தருவதாகச் சொல்லியும் சொந்த ஊரிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்டார். மூன்று பிள்ளைகள். 1965 கோடையில் ஹூட் கெனால் கரையில் குடும்பத்தோடு விடுமுறையில் இருந்தபோதுதான் 747-ஐ வடிவமைக்கும் பொறுப்பு தொலைபேசியில் வந்து சேர்ந்தது. 2016 ஆகஸ்ட் 30 அன்று, 95 வயதில் காலமானார்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிறுவனமான பான் ஆமின் தலைவர் ஹுவான் டிரிப் இரண்டடுக்கு விமானம்தான் கேட்டார். மேல்தளத்தில் இருப்பவர்களை ஆபத்து நேரத்தில் சட்டென்று இறக்குவது எப்படி? சட்டரின் குழு ஏறத்தாழ 20 அடி அகலத்தில் ஒரே தளமாக வரைந்தது. 8 அடி அகலச் சரக்குப் பெட்டிகள் இரண்டை அருகருகே வைக்கலாம். பெட்டிகள் மூக்கு வழியாக ஏற வேண்டும் என்பதால் விமானி அறை மேலே போனது. 747-இன் முன்பக்கம் மேலே புடைத்திருக்கும் அந்தத் திமில் அழகுக்காக வைத்தது அல்ல.

இனி ஹைட்ராலிக். இவ்வளவு பெரிய விமானத்தின் வாலையும் இறக்கைப் பலகைகளையும் விமானியின் கைபலத்தால் அசைக்க முடியாது. சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தமுள்ள திரவம்தான் அசைக்கிறது. அது வடிந்துவிட்டால் விமானம் யார் சொல்லையும் கேட்காது. ஆகவே எஞ்சினுக்கு ஒன்றாக நான்கு தனித்தனி அமைப்புகள். எஞ்சின் சுழற்றும் பம்பு நின்றால் உதவிக்கு, ஒவ்வொன்றிலும் காற்றழுத்தத்தால் ஓடும் இன்னொரு பம்பு. விமானத்தை இடம், வலம் திருப்பும் வால் பலகையான ரட்டரையும் மேல், கீழ் என இரண்டாக வெட்டினார்கள். மேல் ரட்டருக்கு 1, 3 அமைப்புகள். கீழ் ரட்டருக்கு 2, 4. மூக்கை மேலும் கீழும் அசைக்கும் வால் பலகையான எலிவேட்டர் நான்கு துண்டு. பிரதான சக்கரக் கால்களும் நான்கு, காலுக்கு நான்கு சக்கரம்.

இத்தனையும் எடை, இத்தனையும் செலவு. வீண் என்று அன்று நினைத்தவர்களுக்குப் பதில் 1971 ஜூலை 30 அன்று சான்பிரான்சிஸ்கோவில் கிடைத்தது. பான் ஆம் 747 ஒன்றுக்குக் கடைசி நேரத்தில் ஓடுபாதை மாறியது. ஆனால் புறப்பாட்டு வேகங்களைப் புதிதாகக் கணக்கிடவில்லை. பாதை முனையின் விளக்குத் தாங்கிகளில் மோதியே விமானம் மேலே எழுந்தது. சக்கரக் கால்கள் சிதைந்தன, நான்கில் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள் போயின. மிஞ்சிய ஒன்றை வைத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வட்டமிட்டு எரிபொருளைக் கொட்டிவிட்டுத் தரையிறக்கினார்கள். காயங்கள் ஏற்பட்டன, ஆனால் உள்ளே இருந்த 218 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை.

நான்கும் சேர்ந்து போன நாளும் உண்டு: 1985 ஆகஸ்ட் 12, ஜப்பான் ஏர்லைன்ஸ் 123. அந்த விமானத்தின் வால் 1978-இல் தரையில் உரசியிருந்தது. பயணிகள் அறையின் காற்றழுத்தத்தைப் பின்பக்கம் தாங்கும் அழுத்தச் சுவரைப் போயிங் ஆட்கள் பழுதுபார்த்தபோது, ஒரே தகடாக வைக்க வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டி வைத்தார்கள். அதனால் தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட் இரண்டு வரிசையாகத் தாங்க வேண்டிய சுமை ஒரே வரிசையில் விழுந்தது. ஏழாண்டு பறந்து பறந்து அங்கே விரிசல் ஓடிச் சுவர் கிழிந்தது. பீறிட்ட காற்று வாலைப் பிய்த்தது. நான்கு அமைப்புகளின் குழாய்களும் அந்த வாலில்தான் கூடியிருந்தன. 520 பேர் இறந்தார்கள். பிறகு வாலுக்குள் காற்று புகும் திறப்புக்கு மூடி போட்டார்கள். குழாய் அறுந்தால் திரவம் முழுதும் வடியாமல் அடைக்கும் வால்வும் வைத்தார்கள்.

சட்டரின் கீழ் சுமார் 4,500 பேர் வேலை செய்த காலத்தில், பணமுடையில் இருந்த நிர்வாகம் ஆயிரம் பேரைக் குறைக்கச் சொன்னது. அவர் மறுத்ததோடு, இன்னும் 800 பேர் வேண்டும் என்றார். வேலை போய்விடும் என்று தெரிந்தே சொன்ன பதில் அது. நல்லவேளை, போகவில்லை.

1986-இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் விபத்தை ஆராய்ந்த ரோஜர்ஸ் குழுவில் உறுப்பினரானார். அங்கே அவர் முன் வந்ததும், ஒன்று போனால் மற்றது காக்குமா என்ற இதே கேள்விதான். ஓடத்தைத் தள்ளிய ராக்கெட் பூஸ்டரின் இணைப்பில், சூடான வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் ஓ-வளையங்கள் இரண்டு இருந்தன. ஒன்று கசிந்தால் மற்றது காக்கும் என்று நம்பினார்கள். ஆனால் ஒரே குளிர் இரண்டையும் விறைக்க வைத்தது. புதிய வடிவமைப்பில் மூன்றாவது வளையம் சேர்ந்தது. அதோடு, இணைப்பு விரியாமல் பிடிக்கும் உலோக உதடும், வளையங்களைச் சூடாக வைக்கும் ஹீட்டரும் வந்தன.