லாபம் ஒரு நாட்டுல, கணக்கு இன்னொரு நாட்டுல

நடுவர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். பெரிய பன்னாட்டு கம்பெனிங்க நியாயமான வரி கட்டல, இதுதான் எங்க அணி. எனக்கு முன்னாடி பேசின எதிரணி நண்பர் "அவங்க சட்டப்படி எவ்ளோ வருதோ அவ்ளோ கட்றாங்க, அப்புறம் என்ன"ன்னு கேட்டாரு. சரிங்க, எவ்ளோ வந்துச்சுன்னு பாப்போம். ஆப்பிள் கம்பெனி ஐரோப்பாவுல வித்த லாபத்த அயர்லாந்துல பதிவான கம்பெனி கணக்குல கொண்டுபோய் வச்சது, அங்க அப்ப வரியே 12.5 சதவீதம்தான், ஆனா அதையும் கட்டலங்க, 2014ல அது கட்டினது 0.005 சதவீதம்னு ஐரோப்பிய ஒன்றியத்தோட நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் சொல்லுச்சு, அதாவது பத்து லட்சம் யூரோ லாபத்துக்கு 50 யூரோ! லாபத்துல பெரும்பகுதி ஒரு "தலைமை அலுவலகம்" பேர்ல போச்சு, அதுக்கு ஊழியரும் கிடையாது கட்டடமும் கிடையாது, பேப்பர்ல மட்டும் இருந்துச்சு. ஆப்பிள்கிட்ட 1300 கோடி யூரோ வரை வசூல் பண்ணணும்னு 2016ல ஆணையம் சொன்னத எதிர்த்து ஆப்பிளோட அயர்லாந்து அரசும் சேர்ந்தே கோர்ட்டுக்கு போச்சுங்க, கடைசில 2024 செப்டம்பர்ல ஐரோப்பிய நீதிமன்றம் அந்த சலுகையே சட்டவிரோதம்னு தீர்ப்பு சொல்லிருச்சு. சட்டப்படின்னு சொன்னாரே, அதுக்கு இதுதான் பதில்.

இது ஒரு கம்பெனி கதை மட்டும் இல்ல. வழி எப்படின்னா, பிராண்ட் பேரையும் டெக்னாலஜியையும் வரியே இல்லாத ஒரு நாட்டுல இருக்கற தன்னோட சொந்த கிளைக்கு எழுதி வச்சிடறது, அப்புறம் விக்கிற நாட்டுல வர்ற லாபத்த எல்லாம் அந்த கிளைக்கு ராயல்டி, அதாவது அந்த பேரையும் டெக்னாலஜியையும் பயன்படுத்தற கட்டணம், கட்டிட்டேன்னு செலவுக் கணக்குல காட்டறது. கூகுள் 2017ல மட்டும் சுமார் 1990 கோடி யூரோவ நெதர்லாந்து வழியா பெர்முடாவுக்கு அனுப்புச்சு, அப்ப அங்க கம்பெனி வருமான வரியே கிடையாது. ஒரே நாட்டுல தொழில் பண்ற சின்ன கம்பெனி இத செய்ய முடியுமாங்க? அது மொத்த வரியயும் கட்டிட்டு இவங்களோடயே போட்டியும் போடணும், எனக்கு ரொம்ப வலிக்கறது இதான். இந்த மாதிரி லாபத்த நகர்த்தறதால உலக அரசுங்களுக்கு வருசத்துக்கு 10,000 கோடிலேருந்து 24,000 கோடி டாலர் வரைக்கும் வரி வருமானம் நஷ்டமாகுதுன்னு, பெரும்பாலும் பணக்கார நாடுங்க உறுப்பினரா இருக்கற ஓஇசிடி அமைப்பே கணக்கு போட்டிருக்கு.

வேலை தர்றாங்க, சம்பளத்துல வரி போகுதே, விற்பனை வரி வருதேன்னும் சொன்னாரு. ஐயா, சம்பள வரி ஊழியர் கட்றது, விற்பனை வரி வாங்கறவங்க கட்றது. நம்ம கேள்வி கம்பெனி லாபத்துக்கான வரி.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். 2021ல 130க்கு மேல நாடுங்க சேர்ந்து, 75 கோடி யூரோவுக்கு மேல வரவு உள்ள கம்பெனிங்க குறைஞ்சது 15 சதவீதமாவது கட்டணும்னு ஒத்துக்கிட்டாங்க. அதுலயும் அமெரிக்க கம்பெனிங்களுக்கு முக்கியமான விதிகள்லேருந்து விலக்கு தரலாம்னு 2025 ஜூன்ல ஜி7ங்கற ஏழு பணக்கார நாடுங்க சம்மதிச்சிட்டாங்க. ஏற்கனவே நியாயமா கட்டிட்டுதான் இருக்காங்கன்னா 15 சதவீதம் அவங்களுக்கு ஏன் சுமையா இருக்கு, அந்த விலக்கு எதுக்கு தேவைப்பட்டுச்சு? அடுத்து பேச வர்ற எதிரணி நண்பர் இதுக்கு பதில் சொல்லிட்டு மத்தத பேசட்டும். நன்றி, வணக்கம்.