வேலை கிடைத்துவிட்டது என்று வரும் மெயில்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

[திரையில்: மெயில் பெட்டி. மேலே புதிதாக ஒரு மெயில். "வாழ்த்துகள், நீங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்."]

வணக்கம். நாலைந்து மாதமாக வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இப்படி ஒரு மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய கம்பெனியின் லோகோ. பிடிஎஃப் வடிவத்தில் ஆஃபர் லெட்டர். ஆண்டுச் சம்பளம் 4 லட்சத்து 80 ஆயிரம். ஹெச்ஆர் மேலாளரின் கையெழுத்து, பக்கத்தில் நீல சீல். கடைசிப் பத்தியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "லேப்டாப்புக்கும் சான்றிதழ் சரிபார்ப்புக்கும் 2,850 ரூபாய் முன்பணம். முதல் மாதச் சம்பளத்தோடு திருப்பித் தரப்படும். இன்று மாலை 5 மணிக்குள் கட்டவும்."

"படித்தவர்தானே, இதுகூடவா தெரியாது?" என்று ஏமாந்தவரைக் கேட்பது நியாயமே இல்லை. அவர் எதற்காகக் காத்திருந்தாரோ, அதுதான் வந்திருக்கிறது. வேலை போனவர் நாற்பது ஐம்பது கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டிருப்பார். எதற்குப் போட்டோம், எதற்குப் போடவில்லை என்பது அவருக்கே நினைவிருக்காது. மோசடிக்காரருக்கு அது போதும்.

கஷ்ட காலத்தில் மோசடி மெயில் அன்றைய செய்தியைப் பார்த்தே எழுதப்படுகிறது. 2008இல் அமெரிக்காவில் வங்கிகள் விழுந்து, ஒன்றை இன்னொன்று வாங்கியபோது, "உங்கள் வங்கி கைமாறிவிட்டது, கணக்கு விவரத்தை உறுதி செய்யுங்கள்" என்று மெயில்கள் வந்தன. கொரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி கடன் தவணைக்கு மூன்று மாத அவகாசம் அறிவித்தது. சில நாட்களிலேயே "இஎம்ஐயைத் தள்ளிவைக்க ஓடிபி சொல்லுங்கள்" என்ற அழைப்புகள் கிளம்ப, வங்கிகள் எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. அதே நாட்களில் கொரோனா நிவாரணத்துக்கான பிஎம் கேர்ஸ் நிதியின் யுபிஐ ஐடியில் கடைசி 'எஸ்' எழுத்தை மட்டும் விட்டுவிட்டு ஒரு போலி ஐடி உலவியது. ஒரே ஓர் எழுத்து.

[திரையில்: மெயிலின் மேல்பகுதி பெரிதாகிறது]

இப்போது நம் மெயிலுக்கு வருவோம். அனுப்பியவர் இடத்தில் கம்பெனி பெயர் தெரிகிறது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். போனில் பார்க்கிறீர்கள் என்றால் பெயருக்குக் கீழே உள்ள சிறு அம்புக்குறியைத் தொடுங்கள். முழு முகவரி விரியும்.

'அட்' குறிக்குப் பின்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். கம்பெனியின் இணையதளம் 'கம்பெனிபெயர் டாட் காம்' என்றால், மெயிலும் அதில் முடிய வேண்டும். 'கம்பெனிபெயர் ஹைஃபன் கேரியர்ஸ் டாட் காம்' என்பது வேறு முகவரி. காசு கட்டினால் யாரும் பதிவு செய்யலாம். 'கம்பெனிபெயர் டாட் காம் டாட் ஜாப்ஆஃபர் டாட் இன்' என்று வந்தால் அது கம்பெனியுடையது அல்ல, 'ஜாப்ஆஃபர் டாட் இன்' வைத்திருப்பவருடையது. ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டால் எம் போலவே தெரியும். அவசரத்தில் கண் தவறவிடும் இடம் இது.

முகவரி சரியாகவே இருந்தாலும் 'பதில்' பொத்தானை அழுத்திப் பாருங்கள். அனுப்ப வேண்டாம், அழுத்தினால் போதும். பெறுபவர் இடத்தில் வேறொரு இலவச மெயில் முகவரி வந்து நின்றால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

[திரையில்: கணினியில் ஜிமெயில். வலது ஓரத்து மூன்று புள்ளி. "ஷோ ஒரிஜினல்"]

கணினி இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். மெயிலின் மூன்று புள்ளியில் 'ஷோ ஒரிஜினல்' என்று இருக்கும். திறந்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரிகள். மெயில் அந்த முகவரியிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் சோதனைகள் இவை. 'ஃபெயில்' என்று இருந்தால், அந்தக் கம்பெனியின் பெயரில் வேறு யாரோ அனுப்பியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் மூன்றும் 'பாஸ்' என்று இருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். மோசடிக்காரர் தானே பதிவு செய்த போலி முகவரியிலிருந்து அனுப்பினாலும் மூன்றும் 'பாஸ்' ஆகும். அது முகவரி சரியானது என்று மட்டும் சொல்லும், ஆள் யார் என்று சொல்லாது. அந்த முகவரி எப்போது பதிவானது என்பதை, இணைய முகவரிகளின் பதிவு விவரம் காட்டும் 'ஹூஈஸ்' தேடலில் பார்க்கலாம். முப்பது வருடக் கம்பெனியின் முகவரிக்கு வயது பன்னிரண்டு நாள் என்றால், அது மோசடி என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இதெல்லாம் புரியவில்லை என்றாலும் பாதகமில்லை. ஒரே ஒரு கேள்வி போதும்: பணம் எந்தப் பக்கம் போகிறது? வேலை கொடுப்பவர்தான் சம்பளம் கொடுக்க வேண்டும். நேர்மையான கம்பெனி ஆஃபர் லெட்டருக்கோ லேப்டாப்புக்கோ முன்பணம் கேட்காது. கட்டச் சொல்லும் கணக்கு பெரும்பாலும் யாரோ ஒரு தனிநபரின் கணக்காக இருக்கும். யுபிஐயில் பின் போடும் முன் பெறுபவர் பெயர் திரையில் வரும், அதைப் படியுங்கள்.

2,850 ஏன் அவ்வளவு சின்னத் தொகை? போனால் போகட்டும் என்று கட்டிவிடக்கூடிய தொகை என்பதால்தான். கட்டியதும் பயிற்சிக் கட்டணம் 7,500 என்பார்கள். அடுத்து போலீஸ் வெரிஃபிகேஷன், காப்பீடு. ஒவ்வொரு முறையும் முன்பு கட்டியது வீணாகிவிடுமே என்ற பயம்தான் அடுத்ததைக் கட்ட வைக்கிறது.

காசே கேட்காத மெயிலும் உண்டு. "உங்கள் கணக்குக்கு வாடிக்கையாளர் பணம் வரும், கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள், வீட்டிலிருந்தே வேலை" என்பார்கள். இதுதான் ரொம்ப ஆபத்து. வருவது இன்னொருவர் ஏமாந்த பணம். அவர் புகார் கொடுத்ததும் முடக்கப்படுவது உங்கள் கணக்கு, விசாரணைக்கு அழைக்கப்படுவதும் நீங்கள்.

வெளிநாட்டு வேலை என்றால், 1983ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்று மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், ரசீது தர வேண்டும். டூரிஸ்ட் விசாவில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று சொன்னால் கிளம்பாதீர்கள். தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகள் மியான்மரில் அடைத்து வைக்கப்பட்டு, ஆன்லைன் மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் அங்கிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

[திரையில்: 1930]

கட்டிவிட்டீர்களா? வெட்கப்பட்டு ஒரு மணி நேரத்தையும் இழக்காதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, நேரம், பணம் போன ஐடி இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் தகவல் போனால் அங்கேயே முடக்க முடியும். தாவிய பிறகு, ஏடிஎம்மில் எடுத்த பிறகு, மீட்பது கடினம். லைன் கிடைக்கவில்லை என்றால் 'சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்' தளத்தில் புகாரைப் பதியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். கோபத்தில் மெயிலை அழித்துவிடாதீர்கள். அதுதான் ஆதாரம். 'ஷோ ஒரிஜினல்' பக்கத்திலேயே அதைத் தரவிறக்கி வைக்கலாம்.

ஆதார் நகல் கொடுத்திருந்தால் ஆதார் ஆணையத்தின் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். பான் கொடுத்திருந்தால், இரண்டொரு மாதம் கழித்து கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கிரெடிட் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று அதில் தெரியும்.

பிறகு சில வாரத்தில் இன்னொரு மெயில் வரலாம். "நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், செயலாக்கக் கட்டணம் 1,500 மட்டும்." உங்கள் பெயர், தொகை, தேதி எல்லாம் சரியாக இருக்கும். முதலில் ஏமாற்றியவர்களிடம்தான் அந்த விவரம் இருக்கிறது.