பனையோலை, மைக்கூடு, இரண்டாம் ஜாமம்

[திரையில்: பழைய வங்காளக் கிராமத்து வீடு. முற்றத்தில் நெற்குவியல். குளம்பொலி மட்டும் கேட்கிறது.]

முற்றத்தில் நெல் குவித்திருக்கிறது. ஒரு குதிரை வந்து சாவகாசமாகத் தின்றுகொண்டிருக்கிறது. வீட்டுக்குள் ஒரு பெண் நிற்கிறாள். விரட்ட வேண்டும். வேலையும் தலைக்கு மேல் கிடக்கிறது. ஆனால் அவளுக்கு வெளியே வரக் கால் எழவில்லை.

பயம்தான். ஆனால் குதிரை கடிக்கும், உதைக்கும் என்ற பயம் இல்லை. அது அவளுடைய கணவரின் குதிரை. பேர் ஜெயஹரி. பகலில் கணவர் கண்ணில்கூடப் படாமல் முக்காட்டுக்குள் வாழப் பழகியவள், கணவரின் குதிரை கண்ணில் மட்டும் எப்படிப் படுவது? அப்படி யோசித்து உள்ளேயே ஒண்டிக்கொண்டாள். பிற்பாடு இதையெல்லாம் தானே எழுதி, தன்னைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டுச் சிரித்தும் கொண்டாள்.

அவர் பெயர் ராஸசுந்தரி தேவி. இந்தக் குதிரைக் கதையைப் படித்தபோது எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. சில பக்கம் தாண்டியதும், இதே பெண் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு திருட்டு வேலை செய்கிறார். சிரிப்பு போய்விட்டது.

[திரையில்: புத்தக அடுக்கு. கேமரா மெல்ல நகர்கிறது.]

வணக்கம். மன உறுதி கொண்ட பெண்களைப் பற்றி நான் படித்த சில புத்தகங்கள் இந்த வீடியோவில். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "தடைகளைத் தகர்த்த சிங்கப்பெண்" என்று பின்னட்டையில் போட்டிருந்தால் அந்தப் புத்தகத்தை நான் பாதி மனதோடுதான் வாங்குவேன். என்னைத் தூங்கவிடாமல் செய்த புத்தகங்களில் யாரும் எதையும் தகர்க்கவில்லை. ஒளித்துவைத்தார்கள், காத்திருந்தார்கள், சிலர் தோற்றும் போனார்கள்.

[திரையில்: "அமார் ஜீபன்", வங்காள எழுத்தில்.]

ராஸசுந்தரி பிறந்தது சுமார் 1810-ல், இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் பாப்னா பகுதியில். பன்னிரண்டு வயதில் கல்யாணம். பன்னிரண்டு குழந்தைகள் பெற்றார். பெரிய குடும்பம், வந்து போகிறவர்களும் அதிகம். இரண்டு வேளைச் சமையலும் அவர் தலையில். மற்றவர்களுக்கெல்லாம் போட்டு முடித்து, தான் உட்காரும்போது பிள்ளை அழும், அல்லது விருந்தாளி வருவார். அப்படி முழுப் பட்டினியாகப் போன நாட்களைப் பற்றி எழுதுகிறார். பக்கம் பக்கமாகப் புலம்பல் இல்லை. நாலு வரி, அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை: வைணவ மகான் சைதன்யரின் வாழ்க்கையைச் சொல்லும் சைதன்ய பாகவதத்தைத் தானே படிக்க வேண்டும். ஆனால் படிக்கிற பெண் விதவையாகிவிடுவாள் என்று ஊரே நம்பிய காலம் அது. வாய்விட்டுச் சொல்ல முடியாத ஆசை.

ஒருநாள் கணவர் அந்தப் புத்தகத்தைச் சமையற்கட்டுப் பக்கம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். அந்தக் காலத்துச் சுவடிகளுக்கு மேலும் கீழும் மரப்பலகை இருக்கும், அதில் படம் தீட்டியிருக்கும். எழுத்துத் தெரியாதவர் படத்தை வைத்தே இன்ன புத்தகம் என்று அடையாளம் பிடிக்கிறார். கட்டை அவிழ்த்து ஒரே ஒரு ஏட்டை உருவி எடுத்து, சமையற்கட்டிலேயே ஒளித்துவைக்கிறார்.

ஏடு கிடைத்துவிட்டது, படிப்பது எப்படி? மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்று இருந்தது. அதையும் எடுத்துக்கொள்கிறார். சின்ன வயதில் பிறந்த வீட்டில் பையன்களுக்குப் பள்ளிக்கூடம் நடந்தது. அங்கே ஓரமாக உட்கார்ந்து கேட்ட எழுத்துகளின் ஓசை மனசில் எங்கோ கிடக்கிறது. ஆக, ஓசை நினைவில், வடிவம் மகனின் ஓலையில், வார்த்தை அந்த ஏட்டில். இந்த மூன்றையும் ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்க்க வேண்டும். அதுவும் அடுப்பு எரியும்போது, இடது கையில் ஓலையை மறைத்துக்கொண்டு, காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு.

[திரையில்: அடுப்பு வெளிச்சத்தில் ஒரு கை. முந்தானைக்குள் ஓலை.]

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நமக்கு எழுத்துக் கற்றது நினைவில் இருக்கிறதா? எனக்கு இல்லை. மணலில் விரலைப் பிடித்து எழுத வைத்திருப்பார்கள், நாம் அழுதிருப்போம். எழுத்து என்பது நாமாகப் போய்த் தேடிய பொருள் இல்லை, வீட்டுக்கு வந்து சேர்ந்த பொருள். இருபது வயதைத் தாண்டிய ஒரு பெண், சோறு வடிக்கிற நேரத்தில், தனக்கென்று ஒரு புதையலைத் தோண்டுகிற மாதிரி அதைத் தோண்டி எடுக்கிறார் என்றால், அவருக்கு அந்த எழுத்து எப்படித் தெரிந்திருக்கும்?

நாத்தனார்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தார். தெரிந்தபோது அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம் சீரியல்களாக இருந்தால் இந்த இடத்தில் இடி இடித்திருக்கும்.

ஆனால் கவனியுங்கள், இத்தனைக்கும் பிறகு அவருக்குப் படிக்கத்தான் தெரியும், எழுதத் தெரியாது. படிப்பும் எழுத்தும் ஒன்றாகவே வரும் என்று நாம் நினைக்கிறோம். ஏட்டை முந்தானைக்குள் ஒளிக்கலாம். எழுதுவதற்குத் தாள் வேண்டும், பேனா வேண்டும், மைக்கூடு வேண்டும். விரித்துவைத்து உட்கார வேண்டும். கையில் மை ஒட்டும். படிப்பைத் திருடலாம், எழுத்தைத் திருடுவது அவ்வளவு சுலபமில்லை.

கல்கத்தாவில் படித்துக்கொண்டிருந்த மகன் கிஷோரிலால் ஒருநாள், "நான் போடுகிற கடிதத்துக்கு நீங்கள் ஏன் பதில் போடுவதில்லை?" என்று கேட்கிறார். தாள், பேனா, மைக்கூடு எல்லாம் வாங்கியும் கொடுத்துவிட்டுப் போகிறார். ராஸசுந்தரி எழுதக் கற்றது அதற்குப் பிறகுதான். அந்தக் கைதான் பின்னாளில் தன் வாழ்க்கையை "அமார் ஜீபன்", அதாவது "என் வாழ்க்கை" என்று எழுதியது. வங்காளத்தில் அச்சான முதல் தன்வரலாறு என்று அதைச் சொல்கிறார்கள்.

இந்தப் புத்தகத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. எதற்கெடுத்தாலும் "எல்லாம் இறைவன் கருணை" என்று முடிக்கிறார். ராத்திரி பகலாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டது நீங்கள், பெயர் அவருக்கா என்று கேட்கத் தோன்றும். ஆனால் தாயார் சாகக்கிடந்தபோது போய்ப் பார்க்க விடவில்லை என்று எழுதும் இடத்தில், "என்னை ஏன் மனுஷியாகப் படைத்தாய்?" என்று அதே இறைவனிடம்தான் சண்டைக்கும் நிற்கிறார். ராஸசுந்தரிக்குச் சண்டை போடக் கிடைத்த ஆள் இறைவன் ஒருவர்தான்போல.

[திரையில்: இருட்டு. தூரத்தில் ஒரு ஜன்னல் வெளிச்சம்.]

எழுத்தைத் திருடுவது சுலபமில்லை என்றேனே, அதையும் திருடிய ஒருவர் நம்மிடையே இருக்கிறார். திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சி. பெண் வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கவிதை எழுதவும் தடை. வீடு தூங்கிய பிறகு, கழிப்பறைக்குள் நின்றபடி எழுதினார். எழுதியது தாயார் உதவியோடு வெளியே போனது. அச்சில் வந்த பெயர் சல்மா. வீட்டுக்கு அது யாரென்று தெரியக் கூடாது என்பதற்காகவே வைத்துக்கொண்ட புனைபெயர்.

இது அவருடைய வாழ்க்கை, அவரே பேட்டிகளில் சொன்னது. 2004-ல் வந்த நாவல் "இரண்டாம் ஜாமங்களின் கதை". தலைப்பைப் பாருங்கள். ஊர் அடங்கிய பிறகு வருகிற ஜாமம். பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ள மிச்சமிருக்கும் நேரம் அதுதான்.

நாவலில் ராபியா என்ற சிறுமியின் கண் வழியாக நிறைய விஷயம் தெரிகிறது. ஆனால் என்னை உலுக்கியது பிர்தவ்ஸ். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையைப் பார்த்ததுமே, இந்த ஆளோடு வாழ மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லித் தாய்வீடு திரும்புகிறாள். அந்த ஊரில், அந்த வீட்டில், அப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! பிறகு அவள் தன் மனசுக்குப் பிடித்த ஒரு உறவைத் தேடிக்கொள்கிறாள். முடிவு என்ன தெரியுமா? பெற்ற தாயே விஷத்தை எடுத்துக் கொடுக்கிறாள்.

உறுதியான பெண்கள் கதை என்று பட்டியல் போடுகிறவர்கள் பிர்தவ்ஸைச் சேர்ப்பதில்லை, ஏனென்றால் அவள் ஜெயிக்கவில்லை. என் பட்டியலில் அவளுக்கு ராஸசுந்தரிக்குப் பக்கத்து நாற்காலி. அந்தத் தாயை வெறும் கொடுமைக்காரியாக நினைத்துவிடவும் முடியவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து பயந்தே உயிரோடு இருக்கும் ஒருத்தி அவள்.

எழுதியவரின் கதை வேறு திசையில் போனது. பேரூராட்சித் தலைவர் ஆனார், 2025-ல் மாநிலங்களவைக்கும் போனார்.

[திரையில்: பனங்காடு. மட்டையின் ரம்பம் போன்ற ஓரம், மிக அருகில்.]

ராஸசுந்தரிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த பனையோலைக்கு இன்னொரு பக்கம் உண்டு. மட்டையின் இரு ஓரமும் அறுக்கும். அதற்குப் பெயர் கருக்கு. விறகு பொறுக்கப் போன சிறுமிகளுக்கு அது கையில் கோடு கிழிக்கும்.

1992-ல் வந்த, தலித் எழுத்தாளர் பாமா தன் வாழ்க்கையைச் சொல்லும் "கருக்கு" புத்தகத்தைக் கல்லூரி நாட்களில் வாங்கி, பத்துப் பக்கத்தில் மூடிவைத்தவன் நான். மொழி பிடிபடவில்லை. இலக்கியம் என்றால் வேட்டி கட்டி வர வேண்டும் என்ற நினைப்பு அப்போது எனக்கு. ஊரில் பேசுகிற பேச்சே புத்தகமாக வந்து உட்கார்ந்ததும் தடுமாறினேன். பல வருஷம் கழித்து மறுபடி எடுத்தபோதுதான், அந்தப் பேச்சு மொழியே அந்தப் பெண்ணின் உறுதி என்று புரிந்தது. உன் இலக்கணத்தில் என் வாழ்க்கையை எழுத மாட்டேன் என்கிறார்.

எல்லோரும் சொல்லும் இடம்தான், நானும் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி தெருவில் வருகிறாள். அவர்கள் தெருப் பெரியவர் ஒருவர் ஒரு பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல், கட்டிய சணலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார். வடையோ பஜ்ஜியோ, எண்ணெய் ஊறிய காகிதம். கொண்டுபோய் உட்கார்ந்திருக்கும் நாயக்கரிடம் குனிந்து நீட்டுகிறார். சிறுமிக்கு ஒரே சிரிப்பு. அவ்வளவு பெரிய ஆள், இத்தனூண்டு பொட்டலம்! வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி என்று விளக்குகிறார்.

ராஸசுந்தரியின் குதிரை நினைவுக்கு வருகிறதா? இரண்டும் சிரிக்க வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்து அறையும் காட்சிகள். அங்கே வயதான பிறகு தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், இங்கே சிறுமியாக இருக்கும்போதே சிரிப்பை நிறுத்திவிடுகிறார்கள்.

படிப்புத்தான் வழி என்று அந்த அண்ணன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் முதலாவதாக வருகிறார். ஆசிரியை ஆகிறார். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பிக் கன்னியர் மடத்தில் சேர்கிறார். அங்கேயும் சாதி உட்கார்ந்திருக்கிறது. சில வருஷங்களில் வெளியே வந்துவிடுகிறார். கையில் வேலை இல்லை, சேமிப்பு இல்லை. அந்த நிலையில் எழுதியதுதான் இந்தப் புத்தகம். சேர்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும் என்றால், இத்தனை வருஷம் வீணா என்று ஊர் கேட்கும்போது வெளியே வருவதற்கு அதைவிடப் பெரிய துணிச்சல் வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

[திரையில்: கத்தரிக்கோல்.]

தலைமுடி விஷயமாக இரண்டு புத்தகங்கள், வேகமாக.

லூயிசா மே ஆல்காட் எழுதிய "லிட்டில் விமன்", முதல் பாகம் 1868. அப்பா போரில் நோயாகக் கிடக்கிறார். அம்மாவின் பயணச் செலவுக்காக மகள் ஜோ தன் நீளமான முடியை 25 டாலருக்கு விற்கிறாள். பகல் முழுக்க வீறாப்பு, ராத்திரி படுக்கையில் முடிக்காக அழுகை. அந்த அழுகைக்காகவே எனக்கு ஜோவைப் பிடிக்கும். அவளுக்கு எழுத ஒரு பரண் இருந்தது, பேனா இருந்தது. இருந்தும் கையெழுத்துப் பிரதியைத் தங்கையே கோபத்தில் எரித்துவிடுகிறாள். ஜோவுக்குக் கல்யாணம் ஆகிற முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, எழுதியவருக்கும் அதில் விருப்பமில்லை. வாசகர்கள் விடவில்லை, செய்துவைத்தார். அவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இன்னொன்று ராஜம் கிருஷ்ணனின் "பாதையில் பதிந்த அடிகள்". தஞ்சை மண்ணில் விவசாயக் கூலிகளோடு நின்ற மணலூர் மணியம்மையின் கதை. இளவயதிலேயே கணவரை இழந்த பிராமணப் பெண். முடியைக் கிராப்பாக வெட்டி, வேட்டி சட்டை போட்டு, சைக்கிளில் ஊர் ஊராகப் போனவர். ஜோ முடியை விற்றாள். மணியம்மைக்கு அந்த முடி, விதவைக் கோலத்துக்குச் சொன்ன பதில். 1953-ல் ஒரு மான் கொம்பால் குத்தி இறந்தார் என்பதைப் படித்தபோது புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டேன். ராஜம் கிருஷ்ணன் ஊர்களில் அலைந்து, வயதானவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. அந்த மரியாதை சில இடங்களில் அதிகமாகி, நாயகிக்குச் சந்தேகமே வராதோ என்று தோன்றுகிறது. ஜோ மாதிரி ஒரு ராத்திரி அழுதிருந்தால் இன்னும் பக்கத்தில் வந்திருப்பார்.

[திரையில்: மரம். ஏணி. தாழ்ந்த கிளை.]

கடைசியாக ஒரு சின்னப் பெண். ஜப்பானில் டெட்சுகோ குரோயானகி எழுதி 1981-ல் வந்த "டோட்டோ-சான்". தமிழிலும் கிடைக்கிறது. ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கிய பள்ளி, நாலு மணி நேரம் குழந்தை பேசுவதைக் கேட்ட தலைமையாசிரியர், இதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். நான் மரமேறும் அத்தியாயத்தைச் சொல்கிறேன்.

அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மரம். போலியோ வந்த யாசுவாகிக்கு ஏற முடியாது, மரமும் இல்லை. டோட்டோ-சான் அவனைத் தன் மரத்துக்கு விருந்தாளியாக அழைக்கிறாள். அம்மாவிடம் அவன் வீட்டுக்குப் போகிறேன் என்று பொய். பொய் சொல்லும்போது அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் ஷூ கயிற்றையே பார்க்கிறாள். வழியனுப்ப வந்த நாயிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறாள்.

முதலில் ஏணி. அவனால் ஒரு படிகூட முடியவில்லை. ஓடிப்போய் வேறொரு மடிப்பு ஏணி இழுத்து வருகிறாள். கீழிருந்து காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறாள். உச்சிவரை வந்துவிட்டான், கிளைக்குத் தாவ முடியவில்லை. அழுகை முட்டுகிறது, அவனுக்குத் தெரியக் கூடாது என்று அடக்குகிறாள். அப்புறம் தான் கிளையில் நின்று, அவனை ஏணியில் படுக்கவைத்து, கையைப் பிடித்து இழுக்கிறாள். கை நழுவியிருந்தால் இருவருமே விழுந்திருப்பார்கள்.

மேலே வந்து சேர்ந்ததும் வியர்வை ஒட்டிய முடியோடு அவள் குனிந்து வரவேற்கிறாள், "என் மரத்துக்கு நல்வரவு." அவன் வெட்கத்தோடு, உள்ளே வரலாமா என்கிறான். பிறகு இரண்டு பேரும் கிளையில் உட்கார்ந்து, அமெரிக்காவில் டெலிவிஷன் என்று ஒரு பெட்டி இருக்கிறதாமே, அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

[திரையில்: கிளையில் இரண்டு ஜோடிக் கால்கள். ஒலி மெல்ல அடங்குகிறது.]