நாற்றங்காலிலேயே பிசின் ஊறட்டும்

நேயர்களுக்கு வணக்கம். சுவீடனில் காட்டை வெட்டிய இடத்தில் மறுபடி ஸ்ப்ரூஸ், பைன் என்ற ஊசியிலை மரங்களின் நாற்று நடுகிறவர்களை ஆட்டிப் படைப்பது ஒரு கூன்வண்டு. ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பழுப்பு உடம்பு, அதில் மஞ்சள் திட்டுகள், நீண்டு வளைந்த மூக்கு. புதிதாக வெட்டிய அடிக்கட்டையின் வாசனையை மோப்பம் பிடித்துப் பறந்து வந்து, அதன் வேரில் முட்டையிடும். அதோடு போகாது, பக்கத்தில் நட்ட நாற்றின் பட்டையையும் கடித்துத் தின்னும். தண்டோ பென்சில் கனம்கூட இருக்காது. பட்டையைச் சுற்றிவரத் தின்றுவிட்டால் நாற்று பட்டுப்போகும்.

முன்பு பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து போட்டு நட்டார்கள். அது மீன்களுக்குக் கொடிய நஞ்சு. இப்போது ஐரோப்பிய ஒன்றியக் காடுகளில் அதற்கு அனுமதி இல்லை.

அப்படியானால் நாற்றை யார் காப்பது? நாற்றேதான் என்கிறேன். கடிபட்டால் பிசின் சுரக்கும் சக்தி அதற்குப் பிறவியிலேயே உண்டு. ஆனால் கடிபட்ட பிறகு சுரக்கத் தொடங்கினால், இளநாற்றுக்கு அவகாசம் போதாது. வண்டு வருவதற்கு முன்பே அதை உசுப்பிவிட வேண்டும். அதற்கு உதவுவது மெத்தைல் ஜாஸ்மோனேட். 1962இல் மல்லிகை எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது; நம் ஜாதிமல்லி வாசனையிலும் இதற்குப் பங்குண்டு. செடிகளுக்குள் இதே வகைப் பொருள்தான் ஆபத்துச் செய்தியைக் கொண்டுபோகிறது.

இதை ஸ்ப்ரூஸ் தண்டில் பூசினால் என்ன ஆகிறது என்பதை 2002இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஒரு காயமும் படாமலே, புதிதாக உருவாகும் கட்டைக்குள் பிசின் நாளங்கள் வரிசையாகத் தோன்றின. பிசினில் உள்ள டெர்பீன்கள் என்ற வாசனைப் பொருள்களும் பெருகின. இப்படித் தயாரான நாற்றை வண்டு குறைவாகவே கடிக்கிறது. கடிக்கவே கடிக்காது என்று நான் சொல்லமாட்டேன். காயம் சிறிதாக இருந்தால் நாற்று தேறிவிடும், அவ்வளவே நமக்கு வேண்டியது.

இதற்கு விலை உண்டு. பிசினுக்குச் செலவிடும் சத்தால் வளர்ச்சி மட்டுப்படும்; கரைசலின் அடர்த்தி கூடக்கூட உயரம் குறையும். செத்த நாற்றைவிடக் குட்டையான நாற்று மேல் என்பது என் கருத்து. ஆனால் தெளித்த மறுநாளே நாற்றை லாரியில் ஏற்றினால் பயனில்லை. நாளம் உருவாகச் சில வாரங்கள் பிடிக்கும். நடும் இடத்திலும் மேல்மட்கை விலக்கி, அடிமண் தெரியக் கிளறிவிட வேண்டும். வெறும் மண்ணில் அந்த வண்டு அதிகம் தங்காது.