எட்டு மெய்ப்பாடும் ஓர் இயந்திரத் தலையும்

வணக்கம். அறிமுக உரையில் என் வேலையைச் செயற்கை நுண்ணறிவு, சமூக ரோபாட்டிக்ஸ் (மனிதரோடு பழகும் ரோபோக்களைச் செய்வது), டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னார்கள். மூன்றாவதற்குத் தமிழில் நிலைத்த பெயர் இன்னும் வரவில்லை. கணினியைத் துணைக்கு வைத்துக்கொண்டு இலக்கியமும் வரலாறும் படிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மூன்று படகில் கால் வைத்தவர்' என்று வேடிக்கையும் செய்தார்கள். இருப்பது இரண்டு கால்தான், எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் மூன்றிலும் நான் துரத்துவது ஒரே கேள்வியை. இயந்திரம் ஏதோ செய்கிறது. அதற்குப் பொருள் எங்கே உண்டாகிறது? அதற்குள்ளேயா, அதைப் பார்க்கிற நமக்குள்ளேயா?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா என்ற நிரலைப் பற்றிப் பலரும் கேட்டிருப்பீர்கள். 1966-இல் வெளியானது. மனநல மருத்துவர் தோரணையில் கேள்வி கேட்கும். அம்மா என்ற சொல் கண்ணில் பட்டால் 'உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்' என்று போடும். 'என்' வந்தால் 'உங்கள்' என்று மாற்றித் திருப்பித் தரும். தமிழில் இந்த வித்தை இன்னும் சிரமம். 'நான் அழுகிறேன்' என்பதில் நானை மட்டும் மாற்றினால் 'நீங்கள் அழுகிறேன்' என்று வந்து குட்டு உடைந்துவிடும். அப்புறம் நடந்ததுதான் முக்கியம். அந்த நிரல் உருவானதை மாதக்கணக்காக அருகிலிருந்து பார்த்த வைசன்பாமின் செயலாளர், அதனுடன் சற்று நேரம் பேசிவிட்டு, 'நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்' என்று அவரையே அனுப்பிவிட்டார். வைசன்பாம் அதிர்ந்துபோனார். எனக்கு அதில் அதிர்ச்சி இல்லை. நாம் கடிதம் எழுதும்போது பக்கத்தில் ஒருவர் நின்றால் கூச்சமாகத்தானே இருக்கிறது? தாளுக்கு அறிவு உண்டு என்று நம்பியா கூசுகிறோம்?

சரி, ரோபோவுக்கு வருகிறேன். 1990-களின் பிற்பகுதியில் அதே எம்.ஐ.டி.யில் சிந்தியா பிரசீல் கிஸ்மெட் என்ற தலையைச் செய்தார். தலை மட்டும்தான், உடம்பு கிடையாது. அசையும் காது, இமை, புருவம், உதடு. நாம் பேசும் சொற்களின் பொருள் அதற்குப் புரியாது. குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து, பாராட்டா, கண்டிப்பா, கவனத்தை இழுப்பதா, தேற்றுவதா என்று பிரித்துக்கொள்ளும். கண்டித்தால் தலை தொங்கும். கண்டித்தவருக்கே மனசு கேட்காது. உடனே குழந்தையிடம் பேசுவது போலக் கொஞ்ச ஆரம்பித்துவிடுவார்.

கிஸ்மெட்டின் முகம் காட்டிய அடிப்படை உணர்ச்சிகள் கோபம், அருவருப்பு, அச்சம், மகிழ்ச்சி, வருத்தம், வியப்பு. இந்த ஆறையும் முதலில் படித்தபோது எனக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல்தான் நினைவுக்கு வந்தது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எட்டில் ஆறு ஏறக்குறையப் பொருந்துகிறது: கோபம் வெகுளியோடு, அருவருப்பு இளிவரலோடு, மகிழ்ச்சி உவகையோடு, வருத்தம் அழுகையோடு, வியப்பு மருட்கையோடு, அச்சம் அச்சத்தோடேயே. மெய்ப்பாடு என்ற சொல்லையே பாருங்கள்: மெய்யில் படுவது, உடம்பில் தெரிவது. உள்ளே இருப்பதை நாம் நேரில் பார்க்க முடியாது, வெளியே தெரிவதிலிருந்துதான் ஊகிக்கிறோம். ரோபோ செய்கிறவர்களின் தொல்லையும் இதுவேதான்.

மீதி இரண்டில் நகையை எடுத்துக்கொள்வோம். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கிலிருந்து சிரிப்பு பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். நடக்கும் ரோபோ மேடையில் தடுக்கி விழுந்தால் அரங்கமே சிரிக்கிறதே, அது மடன் கணக்கில், அதாவது சொல்லிக்கொடுத்ததையே விடாமல் பிடித்துக்கொள்ளும் அப்பாவித்தனத்தின் கணக்கில், சேரும். சிரிப்பது நாம், அதற்குச் சிரிக்க எதுவும் இல்லை.

அருவருப்பை இளிவரலோடு சேர்த்ததில் எனக்கே முழுத் திருப்தி கிடையாது. இளிவரலுக்கு அவர் தரும் காரணங்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. அழுகியதைக் கண்டு முகம் சுளிப்பது வேறு; முதுமையில் தன் உடம்பை நினைத்துக் குறுகுவது வேறு. அந்த முகபாவத்தை எந்த மோட்டாரும் இன்னும் செய்யவில்லை. ஆனால் அந்த நிலையில் இருப்பவர்களுக்காக ஒரு ரோபோ இருக்கிறது. ஜப்பானில் தகனோரி ஷிபாட்டா உருவாக்கிய பாரோ, ஒரு கடல்நாய்க் (சீல்) குட்டி. ஏறக்குறைய 2.7 கிலோ எடை. முதியோர் இல்லங்களில் மறதி நோய் உள்ளவர்கள் மடியில் வைத்துத் தடவிக்கொடுப்பார்கள். அதை நாயாகவோ பூனையாகவோ செய்திருந்தால், பழகிய நாயோடு ஒப்பிட்டு 'இப்படியா வால் ஆட்டும்?' என்று கேட்டுவிடுவார்கள். கடல்நாய்க் குட்டியை வளர்த்தவர் யார்? அதனால் குற்றம் சொல்ல ஆள் இல்லை. என் துறையில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான முடிவை நான் பார்த்ததில்லை.

எழுத்துக்கு வந்தால் முகமும் இல்லை, குரலும் இல்லை. ரொபெர்தோ பூசா என்ற இத்தாலியப் பாதிரியார் இடைக்காலக் கிறிஸ்தவத் தத்துவஞானி தாமஸ் அக்வைனஸின் நூல்களில் 'உடனிருத்தல்' (presence) என்ற கருத்தைத் தேடிப் போனவர். கனமான தத்துவச் சொற்களைப் பிடித்தால் போதும் என்றுதான் யாரும் நினைப்போம். அவருக்கோ, 'இன்' என்ற லத்தீன் முன்னிடைச்சொல்லில்தான் விஷயம் இருக்கிறது என்று பட்டது. நம் 'இல்' என்ற உருபு மாதிரி. அவ்வளவு சிறிய சொல்லை எல்லா இடத்திலும் கையால் தேடி முடியுமா? 1949-இல், கணக்கிடும் இயந்திரங்கள் செய்யும் ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் தாமஸ் வாட்சனைப் போய்ப் பார்த்தார். எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு ஒன்று உருவாயிற்று: முப்பது ஆண்டு வேலை, ஒரு கோடிக்கும் மேலான சொற்கள், 56 தொகுதிகள். இயந்திரம் படிப்பதற்காகத் துளையிட்ட அட்டைகளில் சொற்களை ஏற்றியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்கள் பெயர் வெளியே வர வெகுகாலம் ஆயிற்று.

இன்றும் யாரோ உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கிறது. இயந்திரத்துக்கு உணர்ச்சியைக் கற்பிக்க, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் கோபம், வருத்தம் என்று மனிதர்கள் குறித்துத் தருகிறார்கள். நானும் செய்திருக்கிறேன். ஓர் உரையாடலின் கடைசி வரி 'சரி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.' நான் கோபம் என்று குறித்தேன். உடன் இருந்தவர் நிம்மதி என்று குறித்திருந்தார். அரைமணி நேரம் வாதாடினோம். அவர் அந்த வரியை மெதுவாக ஒருமுறை வாசித்துக் காட்டினார். எனக்கும் நிம்மதியாகத்தான் கேட்டது. நான் வாசித்துக் காட்டியபோது அவர் கோபம்தான் என்றார். பெரும்பான்மைப்படி முடிவெடுப்பதுதான் வழக்கம், ஆனால் இருந்ததோ இரண்டே பேர். அந்த வரிக்கு எதிரே இப்போதும் இரண்டு குறிப்பும் இருக்கின்றன.