எந்த செர்ரி, எந்த நாள்?

(பெங்களூரு அல்சூரில், தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இங்கே வருவதற்கு முன்னால் நாலு பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன். "உங்கள் பக்கத்தில் செர்ரி மரம் இருக்கிறதா?" ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள், "ரோடு முழுக்க இருக்கு அத்தை, பிப்ரவரி வந்தா பிங்க் கலர்ல கொட்டிக் கிடக்கும்" என்றாள். எங்கள் மர்பி டவுன் எதிர்வீட்டுப் பையன், "எங்க ஸ்கூல் பின்னாடி இருக்கு, தினமும் பழம் பறிப்போம்" என்றான். ஃப்ரேசர் டவுனில் பழைய பங்களா ஒன்றில் தோட்டவேலை பார்ப்பவர் ஒரு புதரிடம் கூட்டிப்போய், பூசணிக்காயைச் சுண்டைக்காய் அளவுக்குச் சுருக்கியதுபோல் வரி வரியாகச் சிவந்திருந்த பழத்தைக் காட்டினார். நாலாவது ஆள் பேக்கரிக்காரர். கண்ணாடி ஜாடியைத் தட்டிக் காட்டினார்.

நாலு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நாலும் வேறு வேறு செடி. அண்ணன் மகள் சொன்னது தபேபுயா ரோசியா. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம், எல் சால்வடார் நாட்டின் தேசிய மரம். பையன் தின்பது முண்டிங்கியா. நம் ஊர்களில் தேன்பழம், சர்க்கரைப்பழம் என்போம். கன்னடத்தில் கசகசே ஹண்ணு என்பார்கள். பழத்தைப் பிதுக்கினால் கசகசா போலவே பொடி விதை வரும், அதற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. தோட்டக்காரர் காட்டியது சூரினாம் செர்ரி, நாவல் குடும்பத்துச் செடி. பேக்கரி ஜாடியில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயம் ஏறிய நம் களாக்காய்.

தாவரவியல் செர்ரி என்று சொல்லும் புரூனஸ் இந்த நாலில் ஒன்றுகூட இல்லை. அந்த மரத்துக்குக் குளிர் வேண்டும். ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் உறங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். பெங்களூருவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான், அதுவும் 1884 ஜனவரி 13ஆம் தேதி. இமயமலைச் சரிவுகளிலும் ஷில்லாங்கிலும் நம் நாட்டுக் காட்டுச் செர்ரி இருக்கிறது, அது நவம்பர் வாக்கில் பூக்கும். இங்கே அதை எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் நமக்குச் செர்ரி இல்லை என்று எழுந்து போய்விடலாமா? கூடாது. மக்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்துவிட்டார்கள், அதைப் பிடுங்க எனக்கு மனமில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். உங்கள் வாசலில், உங்கள் காம்பவுண்டுக்குள், உங்கள் தெருமுனையில் நிற்கும் அந்த மரம் எது, அது எந்த நாளில் என்ன செய்தது என்று எழுதி வையுங்கள். அதை எழுத உங்களைத் தவிர இந்த ஊரில் வேறு ஆள் இல்லை.

ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் செர்ரி முழுதாகப் பூத்த நாட்கள் கி.பி. 812ஆம் ஆண்டிலிருந்து தெரியும். நடுவில் விடுபட்ட வருஷங்கள் உண்டு. ஆனாலும் ஆயிரத்து இருநூறு வருஷம்! அதை யார் எழுதி வைத்தார்கள்? அரண்மனைக்காரர்களும் பிக்குகளும் தங்கள் நாட்குறிப்பில், "இன்று பூ பார்க்கப் போனோம், விருந்து நடந்தது" என்று எழுதினார்கள். ஆராய்ச்சி என்ற நினைப்பே அவர்களுக்குக் கிடையாது. யசுயுகி அவோனோ என்ற பேராசிரியர் அந்த ஏடுகளையெல்லாம் தேடித் தேடி நாட்களைக் கோத்தார். அதனால்தான் 2021இல் மார்ச் 26ஆம் தேதியே கியோட்டோ மரங்கள் முழுதாகப் பூத்தபோது, அது 1409ஆம் ஆண்டின் மார்ச் 27ஐயும் முந்திவிட்டது என்று சொல்ல முடிந்தது. விருந்துக்குப் போனவன் எழுதிய ஒரு வரி, அறுநூறு வருஷம் கழித்து, பூமி சூடேறுகிறது என்பதற்குச் சாட்சி சொல்கிறது.

இதைப் படித்த அன்று எனக்கு என் அம்மாவின் காலண்டர் ஞாபகம் வந்தது. அம்மா வட ஆற்காட்டிலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர். மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதுவார். பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, கூடுதலாக வாங்கிய நாளுக்கு ஒரு புள்ளி. பரணில் அந்தக் காலண்டர்களைச் சுருட்டிக் கயிறு கட்டி வைத்திருந்தோம். பிரித்துப் பார்த்தேன். 1987 மார்ச் மாதம், 19ஆம் தேதிக் கட்டத்தில், பெருக்கல் குறிக்குக் கீழே, பென்சிலில் "வே.பூ." என்று இருந்தது. வேப்பம்பூ. சித்திரை முதல் நாள் பச்சடிக்கும் ரசத்துக்கும் பூ சேர்க்க வேண்டுமே, அதற்காகப் பின்கட்டு வேப்பமரம் பூக்கத் தொடங்கிய நாளைக் குறித்திருக்கிறார். அடுத்த வருஷமும் இருந்தது. அதற்கடுத்த வருஷமும் இருந்தது. பால்காரர் பாக்கெட் பாலுக்கு மாறினார், கணக்கு நின்றது, பூவும் நின்றுபோனது. அம்மாவுக்குத் தெரியாமலே அவர் கியோட்டோ பிக்குகளின் வேலையைச் செய்துகொண்டிருந்தார். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருக்கலாம். பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

குறுந்தொகையில் ஒரு பாட்டு உண்டு. கார்காலத்தில் வருகிறேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. தலைவி தவிக்கிறாள். தோழி சொல்கிறாள்: இந்தக் கொன்றை மரங்களுக்கு அறிவில்லை, பருவமில்லாமல் பெய்த வம்ப மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் இதைத் தோழியின் ஆறுதல் வார்த்தை என்று சொல்லிக்கொடுத்தார்கள். இன்று எனக்கு வேறொன்று தோன்றுகிறது. மரம் உண்மையிலேயே மழையைப் பார்த்து ஏமாந்ததா, தோழி பொய் சொன்னாளா? அந்த ஊரில் யாராவது ஒருவர் வருஷாவருஷம் கொன்றை பூத்த நாளைக் குறித்து வைத்திருந்தால் தலைவிக்கே தெரிந்திருக்கும்.

அந்தக் கொன்றையைக் கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் இன்று குறித்து வைக்கிறார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் நடத்தும் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில், ஒரு பிள்ளை ஒரு மரத்தை எடுத்துக்கொண்டு வாரம் ஒருமுறை அதே மரத்தைப் பார்த்து எழுதுகிறது. சித்திரை விஷுவுக்குப் பூக்கவேண்டிய கொன்றை அதற்கு வெகு முன்னாலேயே பூத்துவிடுவது அந்தக் குறிப்புகளில் தெரிந்தது. பெங்களூருவிலிருந்தும் அதில் யார் வேண்டுமானாலும் சேரலாம். இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகம் 2022இல் இதேபோல் ஒன்று தொடங்கியது. வீட்டுத் தோட்டத்துச் செர்ரி, ஆப்பிள், பேரி, பிளம் பூத்த நாளை வீட்டுக்காரர்களே எழுதி அனுப்ப வேண்டும். பூ முந்திக்கொண்டு, தேனீ பிந்திவிட்டால் காய் பிடிக்காது என்ற கவலைதான் அதற்குக் காரணம்.

வீட்டுத் தோட்டம் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? காலிங்வுட் இங்ராம் என்ற ஆங்கிலேயர் 1923இல் சசெக்ஸ் பகுதியில் ஒரு அம்மாவின் தோட்டத்தில், சாகக் கிடந்த வெள்ளைச் செர்ரி ஒன்றைப் பார்த்தார். பூ ஒவ்வொன்றும் அத்தனை பெரிது. ஒட்டுக்குச்சி எடுத்து வளர்த்தார். மூன்று வருஷம் கழித்து ஜப்பானுக்குப் போனபோது ஃபுனாட்சு என்ற பெரியவர் பழைய ஓவியம் ஒன்றைக் காட்டி, "இந்த மரம் எங்கள் நாட்டில் அழிந்துவிட்டது" என்று வருத்தப்பட்டார். படத்தில் இருந்தது சசெக்ஸ் மரம்! 1932இல், குச்சிகளை உருளைக்கிழங்கில் செருகி, சைபீரியா வழியாக ரயிலில் அனுப்பி, தாய்ஹாகு என்ற அந்தச் செர்ரி வகையை அதன் சொந்த ஊருக்கே திருப்பிக் கொடுத்தார் இங்ராம். ஒரு நாட்டில் அழிந்துபோன மரம் இன்னொரு நாட்டில் யாரோ ஒருவர் வீட்டுச் சுவருக்குள் உயிரோடு இருந்திருக்கிறது.

நம் கதை அப்படி முடியவில்லை. எங்கள் கிராஸில், அதாவது குறுக்குத் தெருவில், ஒரு தேன்பழ மரம் இருந்தது. பக்கத்து வீட்டு மனையின் மூலையில், சுவரை ஒட்டி. அதை யாரும் நட்டதாகத் தெரியவில்லை, வௌவால் போட்ட விதையாகத்தான் இருக்கும். அந்த மரத்தைச் சமையலறை ஜன்னலிலிருந்து பல வருஷம் பார்த்திருக்கிறேன். காலையில் பூ மலரும். ஐந்து வெள்ளை இதழ், கசங்கிய மல் துணிபோல, நடுவில் மஞ்சள். மலரும்போது பூக்காம்பு இலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும், தேனீக்குத் தெரியவேண்டும் என்று. மத்தியானத்துக்குள் இதழ் உதிர்ந்துவிடும். அதன்பின் அதே காம்பு மெதுவாகத் தலைகுனிந்து இலைக்கு அடியில் போய்விடும், காய் அங்கேதான் பழுக்கும். பகலில் கிளியும் அணிலும் கொண்டைக்குருவியும். கட்டைவிரல் அளவே இருக்கும் பூக்கொத்தி ஒன்று 'டிக் டிக்' என்று கத்திக்கொண்டு வரும். ராத்திரி வௌவால். காலையில் சுவர் முழுக்கப் பிசுபிசு. அதற்காகச் சண்டையும் நடந்திருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன் அந்த இடம் கைமாறியது. ஒரு காலை நேரம், நான் மார்க்கெட் போய்விட்டு வருவதற்குள் மரம் இல்லை. விசாரிக்கப் போன இடத்தில் ஒரு கேள்வி கேட்டார்கள்: "அங்கே மரம் இருந்ததற்கு என்ன ஆதாரம், அம்மா?" என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. அடிமரச் சுற்றளவு தெரியாது. இத்தனை வருஷம் பார்த்த கண் இருந்தது, எழுதிய ஒரு வரி இல்லை. கர்நாடகத்தில் 1976இலேயே மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மரங்களைக் கணக்கெடுப்பதும் அந்தச் சட்டம் சொல்லும் கடமைகளில் ஒன்று. ஆனால் கணக்கெடுக்க வருபவர் சாலையில் நின்று பார்ப்பார். காம்பவுண்டுக்குப் பின்னால் கிணற்றடியில் நிற்பதைக் காட்ட வீட்டுக்காரர்தான் வேண்டும்.

இந்த ஊரில் பூ வரிசையாக வருவது தற்செயல் இல்லை. 1908இல் பெங்களூரு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் கிரும்பிகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்தது பூக்கும்படி வகை பார்த்து நட்டார் என்பார்கள். தபேபுயா, ஜகரண்டா, புங்கை, குல்மோகர் என்று அது ஒரு காலண்டர்போலவே போகும். அந்த வரிசை இன்றும் குலையாமல் இருக்கிறதா என்று லால்பாக்கில் உட்கார்ந்து ஒருவர் சொல்லிவிட முடியாது. விவேக்நகர் என்ன சொல்கிறது, ஸ்ரீராம்புரம் என்ன சொல்கிறது என்று தெருத்தெருவாக வேண்டும்.

எப்படி எழுதுவது? ஒரு மரம் போதும். வாரத்தில் ஒரே கிழமை, அதே மரம். முதல் நாள் மட்டும் கொஞ்சம் வேலை: மரத்தின் பெயர், எந்த கிராஸ், பக்கத்து மின்கம்பத்தின் எண். தையல் டேப்பால், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு. இலை, பூ, காய் மூன்றும் தெரிய மூன்று போட்டோ. பெயர் தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள், போட்டோவை வைத்துப் பிறகு கண்டுபிடிக்கலாம். வெறுமனே "செர்ரி" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஏனென்று இப்போது உங்களுக்கே தெரியும். அடுத்தவர் வீட்டு மரம் என்றால் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அவர் பெயரை எழுத வேண்டியதில்லை.

அதன்பின் வாராவாரம் மூன்றே வார்த்தைகள்தான்: இல்லை, கொஞ்சம், நிறைய. பூ எப்படி, காய் எப்படி, பழம் எப்படி, தளிர் எப்படி. இதில் "இல்லை" என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிப்ரவரியில் ஜெயநகர் தபேபுயாவை எத்தனை ஆயிரம் பேர் போட்டோ எடுக்கிறார்கள்! எல்லாம் மரம் முழுக்கப் பூத்த படம். முந்தின வாரம் ஒரு பூவும் இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தால்தானே அது எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியும்? டோக்கியோவில் இதற்கென்றே ஒரு மரம் வைத்திருக்கிறார்கள். அதில் ஐந்தாறு பூ விரிந்ததை அதிகாரி கண்ணால் பார்த்த பிறகுதான், ஊரில் செர்ரி பூத்துவிட்டது என்று அறிவிப்பார்கள். அந்த ஐந்தாறு பூவுக்காக அவர் பூவே இல்லாத மரத்தின் கீழ் எத்தனை நாள் போய் நின்றிருப்பார்.

தேன்பழ மரத்துக்கு மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு. அது வருஷம் முழுக்கப் பூக்கும், முதல் பூ என்ற பேச்சே இல்லை. எப்போது நிறைய, எப்போது கொஞ்சம், அப்போது எந்தப் பறவை வந்தது என்பதுதான் அதில் கேள்வி. பிள்ளைகளிடம் இந்த மரத்தைக் கொடுத்துவிடுங்கள். பழத்துக்காகத் தினமும் அதன் கீழேதான் நிற்கிறார்கள்.

வாசலில் மேசைமேல் நாற்பது பக்க நோட்டுகள் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் மரங்களின் பெயர் தமிழிலும் கன்னடத்திலும் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் கேட்டாலும் ஒன்று கொடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையில், தையல் டேப்போடு நிற்பேன். சுற்றளவு எடுக்கத் தெரியாதவர்கள் அங்கே வந்துவிடுங்கள்.